அன்னபூரணி தொட்ட கரை

கோடை பிறந்துவிட்டால், ஸ்காபரோவில் வாழும் நம்மவர் ஞாயிற்றுக்கிழமைகளில் பிளஃபர்ஸ் பூங்காவை நாடிச் செல்வது யாவரும் அறிந்ததே. செங்குத்தான வெண்மண் மேடுகளின் அடியில், ஒன்ராறியோ ஏரிக்கரையில், இறைச்சி வாட்டும் புகையும் பிள்ளைகளின் கூச்சலுமாகப் பொழுது கழியும். அந்தப் பூங்காவின் ஒரு புறத்தே படகுகள் வரிசை வரிசையாகக் கட்டப்பட்டுள்ள துறை ஒன்றுண்டு. அதனைச் செல்வந்தரின் பொழுதுபோக்கு என்று எண்ணி நாம் கடந்து போய்விடுகிறோம். ஆனால் அங்கே நிற்கும் படகுகளுட் சில உல்லாசப் படகுகள் அல்ல, அவை வீடுகள். ஆண்டு முழுவதும், பனிக்காலத்திலுங்கூட, அவற்றில் மனிதர் குடியிருக்கின்றனர்.

ரொறன்ரோ நகர மையத்தின் துறைமுகத்திலும் இத்தகைய குடியிருப்பாளர் உளர். கார்த்திகை மாதம் வந்ததும் படகின் மேற்புறம் முழுவதையும் தடித்த பிளாஸ்ரிக் உறையால் மூடிக் கட்டிவிடுகின்றனர். ஏரி உறைந்து, பனிக்கட்டி படகின் பக்கங்களை நெரித்துவிடாதிருக்க, நீருக்கடியில் ஒரு சிறு கருவியை இயங்கவிடுகின்றனர். அது அடியிலுள்ள சற்றே வெதுவெதுப்பான நீரை மேலே கிளப்பிக்கொண்டேயிருக்கும். படகைச் சுற்றி நீர் உறையாது. கரையிலிருந்து வரும் மின்கம்பியும், சிறு வெப்பமூட்டியும், பொறுமையும் அவர்களைக் குளிர்காலத்தைக் கடக்கச் செய்கின்றன.

இவர்கள் ஏன் இப்படி வாழ்கின்றனர்? சிலருக்கு நகரத்து வீட்டு விலை கட்டுப்படியாகாமை காரணம். வேறு சிலருக்கோ, வசந்தம் வந்ததும் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போகலாம் என்பதே காரணம். வீட்டை விட்டுப் பயணம் போவோரைப் பார்த்திருக்கிறோம். வீட்டோடு பயணம் போவோர் இவர்கள்.

ஏரியிலிருந்து கடலுக்கு

ஒன்ராறியோ ஏரி கடலன்று. ஆயினும் கடலுக்கு வழி உடையது. ஏரியின் நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 75 மீற்றர் உயரத்தில் உள்ளது. அந்த உயரத்தைப் படிப்படியாக இறங்குவதற்கு இரு வழிகள் உள. ஒன்று, 1959இல் திறக்கப்பட்ட சென் லோறன்ஸ் கடல்வழி. ஏரியிலிருந்து மொன்றியல் வரைக்கும் ஏழு நீர்ப்படிகளில் கப்பல்கள் இறக்கப்படுகின்றன. மற்றையது, அமெரிக்கக் கரையிலுள்ள ஒஸ்வீகோவில் நுழைந்து, 1825இல் திறக்கப்பட்ட ஈரிக் கால்வாயை அடைந்து, அங்கிருந்து ஹட்சன் ஆற்றின் வழியே நியூ யோர்க் சேர்வது. இவ்வழியில் பாலங்கள் தாழ்வானவை. ஆதலால், பாய்மரத்தைக் கழற்றிப் படகின் மேலே கிடத்திக்கொண்டுதான் போகவேண்டும்.

சென் லோறன்ஸ் வழியே போகின்றவர் முதலிற் கிங்ஸ்ரனையும் ஆயிரந்தீவுகளையும் காண்பர். பின்னர் மொன்றியல், கியூபெக். அதற்கப்பால் ஆறு அகன்று, நீர் உப்பாகி, வற்றுப்பெருக்கு வலுக்கிறது. சகனே ஆறு வந்து கலக்குமிடத்தில் தடூசாக் என்னும் சிற்றூரண்டை வெண்திமிங்கிலங்கள் தலைகாட்டும். பின் கஸ்பே முனை. பின் நோவா ஸ்கோஷியாவின் மீன்பிடித் துறைகள்.

படகில் வருவோருக்கு ஊர்கள் வேறு விதமாகத் தோன்றும். தெரு வழியே வருகிறவர் ஒரு துறைமுகப் பட்டினத்தை அதன் பின்பக்கத்தால் அடைகிறார். பண்டசாலையும் வாகனத் தரிப்பிடமுமே முதலில் அவர் கண்ணிற் படும். அப்பட்டினத்தின் முகமோ கடலை நோக்கியது. கலங்கரை விளக்கு, தேவாலயக் கோபுரம், மீன்சந்தை, சுங்கச்சாவடி என்று கடலிலிருந்து வருகிறவனுக்குத் தெரியும்படியே பழைய துறைமுகங்கள் யாவும் கட்டப்பட்டன. பருத்தித்துறை வெளிச்சவீட்டையும் வல்வெட்டித்துறைக் கரையோரத்தையும் நினைத்துப் பார்ப்பவர்களுக்கு இது புதிதன்று.

படகு வாழ்வின் கணக்கு மிகக் கடுமையானது. தண்ணீர் தொட்டியளவு, அரிசி பெட்டியளவு, இடம் இரண்டு பாய் விரிக்கும் அளவு. கடல் ஆட்டத்திற் சோற்றுப்பானை கவிழாதிருக்க அடுப்பைத் தொங்கவிட்டிருப்பர். படகு சாய்ந்தாலும் அடுப்பு சாயாது. கழிவுநீரை ஏரியிற் கொட்டுவது குற்றம். தொட்டியிற் சேர்த்துத் துறையிற் கொடுத்து அகற்றவேண்டும். பிற நாட்டுத் துறைக்குள் நுழையும்போது மஞ்சட் கொடி ஒன்றை ஏற்றி, சுங்கத்துக்கும் குடிவரவுக்கும் அறிவித்து, அனுமதி கிடைத்த பின்பே கரையில் இறங்குவது மரபு. கடவுச்சீட்டு உள்ளவனுக்கு அது சிறு சடங்கு. இல்லாதவனுக்கு அக்கொடி என்ன சொல்லும் என்பதைப் பின்னர் பார்ப்போம்.

சொப்பனம் என்னும் படகு

பாய்ப்படகையே வீடாக்கி உலகைச் சுற்றுவதற்கு வழிகாட்டியவர் இந்தக் கனடிய மண்ணிற் பிறந்தவரே. நோவா ஸ்கோஷியாவில் 1844இல் பிறந்த ஜோசுவா சுலோக்கம், 'ஸ்பிறே' என்னும் ஏறக்குறைய 37 அடிப் படகில், 1895இல் பொஸ்ரனிலிருந்து புறப்பட்டார். தன்னந்தனியே உலகைச் சுற்றி 1898இல் திரும்பினார். அதனை முதன்முதற் செய்தவர் அவரே. பொஸ்ரனிலிருந்து புறப்பட்ட அவர் முதலில் தங்கி உணவும் பொருளும் சேர்த்துக்கொண்ட துறை, அண்மையிலுள்ள குளொஸ்ரர். அந்த ஊரின் பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

சுலோக்கத்தின் வழியே பின்னர் புறப்பட்டவர்களுள் ஒருவர் வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்னும் அமெரிக்க இளைஞர். 1928இல் நியூ யோர்க்கிலிருந்து முப்பத்திரண்டரை அடி நீளமுள்ள படகில் அவர் புறப்பட்டார். படகின் பெயர் 'சுவாப்'. அது வடமொழிச் சொல். நாம் சொப்பனம் என்று வழங்கும் சொல்லின் உறவு. பனாமாக் கால்வாய், தாகித்தி, பசிபிக் தீவுகள், கிழக்கிந்தியத் தீவுகள் என்று துறை துறையாகத் தங்கித் தங்கிப் போன சுவாப், இலங்கைக் கரையையும் தொட்டது. பின் செங்கடல், மத்தியதரைக் கடல் வழியாக 1931ஆம் ஆண்டு நவம்பரில் நியூ யோர்க் திரும்பியது. தாகித்தியில் ஏறிக்கொண்ட எத்தேரா என்னும் தீவு வாலிபர் அவருக்குத் துணையாக வந்தார்.

இதே றொபின்சன் 1934இல் கலாபகோஸ் தீவுகளிற் படகோடு இருந்தபோது குடல்வால் வெடித்து மரணத் தறுவாயிற் கிடந்தார். செய்தி வானொலியிற் பறந்தது. பனாமாக் கால்வாய் வலயத்திலிருந்து இராணுவ மருத்துவர் வானூர்தியில் அனுப்பப்பட்டனர். அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றும் விரைந்தது. அவர் உயிர் பிழைத்தார். கடலில் அல்லற்படும் ஒரு மனிதனுக்காக ஒரு நாடு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதனை ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அவன் எந்த நாட்டவன் என்பதும் அக்கணக்கில் அடங்கும் என்பதை நாம் சொல்லாமலே வாசகர் அறிவர்.

வேம்பினாற் கட்டிய கலம்

இந்த றொபின்சனின் பெயர் நம் வரலாற்றோடு பிணைவது இனித்தான். பாய்க்கப்பல்களின் மீது தீராக் காதல் கொண்டிருந்த அவர், வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட கப்பல் ஒன்றை விலைக்கு வாங்கினார். அதன் பெயர் அன்னபூரணி அம்மாள். 1930 அளவில், வல்வையின் புகழ்பெற்ற கப்பற்கட்டுநர் சுந்தரமேத்திரியாரின் கைத்திறத்தில், வேப்ப மரத்தால் உருவான கலம் அது. நீளம் 89 அடி, அகலம் 19 அடி, பாய்மரம் இரண்டு. ஆங்கிலப் பொறியியற் கல்லூரி எதிலும் பயின்றறியாத கைகள் கட்டியது. தந்தையிடமிருந்து மகன் கண்ணாற் கற்று, கையாற் பழகிய தொழில் அது.

அமெரிக்கரின் கைக்கு மாறியபின் அவருடைய மனைவியின் பெயரால் 'புளோறன்ஸ் சி. றொபின்சன்' எனக் கப்பலுக்குப் புதுப்பெயர் சூட்டப்பட்டது. பெயர் மாறிற்று, ஆனால் அதனைக் கடலில் நடத்தத் தெரிந்தவர்கள் மாறவில்லை. 1937இல் அக்கப்பல் அமெரிக்கா நோக்கிப் புறப்பட்டபோது, வெள்ளையரான கப்டன் ஒருவருடன் அதில் ஏறியவர்கள் வல்வைத் தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் அவரோடு சேர்ந்த நான்கு வல்வை மாலுமிகளுமாவர்.

அரபிக் கடலைக் கடந்து ஏடன், செங்கடல், சுயெஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்ரர், அத்திலாந்திக்கின் நடுவே பெர்முடா. இவ்வாறு காற்றையே நம்பி வந்த அக்கலம், 1938ஆம் ஆண்டு ஓகஸ்ட் முதலாந் திகதி மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறையை அடைந்தது. சுலோக்கம் தங்கிச் சென்ற அதே குளொஸ்ரர். 1623இல் குடியேற்றம் தொடங்கிய பழம்பெரும் மீன்பிடித் துறை. சுக்கானைப் பற்றி நிற்கும் மீனவனின் வெண்கலச் சிலை 1925 முதல் அதன் கடற்கரையில் நிற்கிறது. கடலில் மாண்ட ஆயிரக்கணக்கான குளொஸ்ரர் மீனவரை நினைவுகூரும் சிலை அது. கப்பல் என்றால் இன்னதென்று அறிந்த ஊரவர்களின் முன்னே, வேப்பமரக் கப்பலை வல்வை மாலுமிகள் கொண்டுபோய்க் கட்டினர். பொஸ்ரன் செய்தித்தாள் அவ்வருகையைச் செய்தியாக வெளியிட்டது.

தொழிலும் பொழுதும்

றொபின்சனுக்குக் கடற்பயணம் கனவு. அன்னபூரணியின் மாலுமிகளுக்கு அது தொழில். இந்த வேறுபாட்டை நாம் மறத்தலாகாது. பிளஃபர்ஸ் பூங்காவிற் படகு கட்டி வாழும் கனடியர் புதிதாகக் கண்டுபிடித்து மகிழும் வாழ்க்கையைத்தான், அதாவது துறை துறையாகத் தங்குதல், காற்றுக்குக் காத்திருத்தல், மரக்கலத்திலேயே சமைத்து உண்டு உறங்குதல் ஆகியவற்றை, நம் கரையோர ஊர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன.

வாடை வீசும் பருவத்துக்கு ஒரு போக்கு. சோளகம் வீசும் பருவத்துக்கு வேறொரு போக்கு. நாகபட்டினம், வேதாரணியம், காரைக்கால், தூத்துக்குடி ஆகிய துறைகள் வல்வை மாலுமிக்கு அயலூர்கள். வங்காள விரிகுடாவுக்கு அப்பால் இரங்கூன் சற்றுத் தூரத்து ஊர், அவ்வளவே. யாழ்ப்பாணத்துப் பனைமரமும் புகையிலையும் போயின. பர்மாவின் அரிசியும் தேக்கும் வந்தன. நாகபட்டினத்துக் கடைத்தெருவும் கோயில் திருவிழாவும் அம்மாலுமிகளுக்குச் சொந்த ஊர்ச் செய்திபோல் தெரிந்திருந்தன. கப்பல் வருமானத்திலிருந்து கோயில்கள் எழுந்தன, பள்ளிகள் எழுந்தன. கப்பல் திரும்பும் நாளை விண்மீனும் காற்றும் பார்த்துக் கணித்துக் கரையிற் காத்திருந்த பெண்களின் கணக்கும் அப்பயணத்தின் ஒரு பகுதியே.

நீராவிக் கப்பலும் பின்னர் எல்லைச் சட்டங்களும் அத்தொழிலை மெலிவித்தன. 1980களின் நடுவிலிருந்து கடல் தடைசெய்யப்பட்ட வலயமாயிற்று. கரையிலிருந்து கூப்பிடு தூரம் போவதற்கும் அனுமதி வேண்டியதாயிற்று. கப்பல் கட்டிய கரையில் முள்வேலி வந்தது. மாலுமிகளின் பேரப்பிள்ளைகள் மாவீதியிற் பேருந்து பிடித்து, கொழும்பு வழியாக வானூர்தியில் ஏறி, இங்கே வந்து சேர்ந்தனர். அவர்களுட் பலருக்கு நீந்தவுந் தெரியாது.

நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் 2023ஆம் ஆண்டு ஒக்டோபரில், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளின் பின்னர், மீண்டும் விடப்பட்டபோது ஊரில் அது பெருஞ்செய்தியாயிற்று. ஒரு காலத்தில் அன்றாடப் போக்குவரத்தாயிருந்தது பெருஞ்செய்தியாக மாறும் அளவுக்குக் கடல் நம்மை விட்டு விலகியிருந்தது.

மூன்று ஓகஸ்ட் மாதங்கள்

இந்தக் கண்டத்தின் கரைக்குக் கடல்வழியே தமிழர் வந்த வரலாற்றில் மூன்று ஓகஸ்ட் மாதங்கள் உள. முதலாவது 1938; அன்னபூரணி வந்தது. இரண்டாவது 1986. அவ்வாண்டு ஓகஸ்ட் 11ஆந் திகதி, நியூபவுண்ட்லாந்துக் கரைக்கப்பால், மூடுபனியினூடே இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழரை மீன்பிடிப் படகுத் தலைவர் கஸ் டால்ரன் கண்டு காப்பாற்றினார். மூன்றாவது 2010. 492 பேருடன் 'சன் சீ' என்னும் கப்பல் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரைக்கு வந்தது. வந்தவர்கள் நேரே தடுப்புக் காவலுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பலர் மாதக்கணக்கில் அங்கே இருந்தனர்.

பின்னைய இரண்டையும் இந்நாட்டுப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. நம் பிள்ளைகளும் பாடசாலையில் அவை பற்றிக் கேள்விப்படுகின்றனர். சில வேளைகளில் அவை சொல்லப்பட்ட விதத்தினால் தலைகுனிகின்றனர். அவ்வாறு தலைகுனிய ஒன்றுமில்லை. உயிரைக் காக்கக் கடலேறுதல் குற்றமன்று. ஆயினும் அந்த இரண்டு கதைகள் மட்டுமே அவர்களுக்குத் தெரிந்திருந்தால், கடல் என்பது தமிழன் பதுங்கி வந்த வழி என்றே அவர்கள் மனத்திற் பதியும். முதலாவது கதையும் தெரிந்திருக்குமாயின், அவர்கள் அந்த 155 பேரையும் 492 பேரையும் வேறு கண்ணாற் பார்ப்பர். கடலை ஆண்ட ஒரு சமூகம் கடலில் மிதக்கவிடப்பட்ட கதை அதுவென்பது அவர்களுக்கு விளங்கும்.

மஞ்சட் கொடியைப் பற்றி மேலே சொன்னோம். இன்று ரொறன்ரோவிலிருந்து குளொஸ்ரருக்கு மோட்டார் வண்டியில் ஒரு நாட் பயணம். ஆனால் தஞ்சக் கோரிக்கை தீராதிருப்பவர் எல்லையைத் தாண்ட முடியாது. கடவுச்சீட்டு அரசின் கையில் இருக்கிறது. அகதியாக ஏற்கப்பட்டவருக்குப் பயணப் பத்திரம் கிடைத்தாலும், அமெரிக்காவுக்கு விசா வேண்டும். பாட்டனார் காலத்து மாலுமிகள் காற்றின் துணையால் அடைந்த துறையைப் பேரன் தரைவழியே போய்ப் பார்ப்பதற்குப் பத்திரங்களுக்காகக் காத்திருக்கிறான். காத்திருப்போர் இதனை வாசிக்கின்றனர் என்பதை நாம் அறிவோம். துறைமுகத்திற் காற்றுக்குக் காத்துக் கிடப்பதும் மாலுமியின் தொழிலே, அது தோல்வியன்று.

சட்டைப்பையிலுள்ள கப்பல்

வாசகர்கள் தம் சட்டைப்பையிலிருந்து கனடியப் பத்துச் சதக் காசு ஒன்றை எடுத்துப் பார்க்கவேண்டும். அதில் ஒரு பாய்க்கப்பல் பொறிக்கப்பட்டுள்ளது. நோவா ஸ்கோஷியாவின் லூனன்பேர்க்கில் 1921இல் கட்டப்பட்ட 'புளூநோஸ்' என்னும் மீன்பிடிக் கப்பலை முன்மாதிரியாகக் கொண்டு அமைந்த உருவம் அது. அக்காசில் கப்பல் முதன்முதற் பொறிக்கப்பட்ட ஆண்டு 1937. அன்னபூரணி புறப்பட்டதும் அதே ஆண்டு. மறு ஆண்டு ஒக்டோபரில், அன்னபூரணி குளொஸ்ரரை அடைந்த இரண்டு மாதங்களின் பின், குளொஸ்ரரின் கப்பலொன்றுக்கும் புளூநோஸுக்கும் பொஸ்ரன், குளொஸ்ரர் கடற்பரப்புகளிற் கடைசிப் பந்தயம் நடந்தது, புளூநோஸ் வென்றது. 1946இல் அது ஹெயிற்றிக் கரையிற் பாறையில் மோதி அழிந்தது. 1963இல் அதே ஊரவர் அதே வடிவில் மற்றொரு கப்பலைக் கட்டி மிதக்கவிட்டனர்.

ஒரு மீன்பிடிக் கப்பலை ஒரு நாடு காசிற் பொறித்து, கோடிக்கணக்கான கைகளில் தவழவிட்டு, அழிந்தபின்னும் மீளக் கட்டிப் பேணுகிறது. அந்தக் காசை நாள்தோறும் எண்ணிக் கொடுத்து வாங்கும் நாம், அதே காலத்தில் இதே கடலைக் கடந்து வந்த நம் கப்பலின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோமா? வல்வை மக்கள் அதனை மறந்தாரல்லர். ஆனால் அது ஓர் ஊரின் பெருமையாக மட்டும் இருத்தல் போதாது.

செய்யக்கூடியவை பெரியவை அல்ல. கரையோர ஊர்களிலிருந்து வந்த முதியோர் இன்னும் நம்மிடையே உளர். தண்டையல், சுக்கான், வத்தை, சோளகம், கச்சான் என்னும் சொற்கள் அவர்களுடைய நாவில் இருக்கின்றன. ஒலிப்பதிவுக் கருவி இப்போது ஒவ்வொருவர் கையிலும் உண்டு. ஒரு சனிக்கிழமை மாலை அவர்களருகே அமர்ந்து, எந்தத் துறைக்குப் போனார்கள், எத்தனை நாள் பிடித்தது, கப்பலில் என்ன சமைத்தார்கள் என்று கேட்டுப் பதிவு செய்வதற்கு எந்த மானியமும் தேவையில்லை. தமிழ் வகுப்புகளில் அன்னபூரணியின் பாதையை உலகப்படத்தில் ஒரு நூலால் வரைந்து காட்டலாம். வரலாறும் புவியியலும் தமிழும் ஒரே பாடத்தில் அடங்கும்.

இன்னொன்று: இந்த ஏரியிலே பாய் விரிக்கக் கற்பிக்கும் கழகங்கள் ரொறன்ரோவில் உள. 1963இலும் 1973இலும் கட்டப்பட்ட பாத்ஃபைண்டர், பிளேஃபெயர் என்னும் இரட்டைப் பாய்மரக் கப்பல்கள் இத்துறைமுகத்தைத் தளமாகக் கொண்டு பல்லாண்டுகள் இளைஞருக்குக் கப்பலோட்டப் பயிற்சி அளித்தன. பியானோவுக்கும் கணித வகுப்புக்கும் பிள்ளைகளைக் கொண்டோடும் பெற்றோர், ஒரு கோடையாவது அவர்களுக்கு நீச்சலையும் பாய்மரக் கலையையும் கற்பிக்க எண்ணலாகாதா? உயிர் காக்கும் அறிவு அது. நம் கரைகளின் பழந்தொழிலும் அதுவே. அது செல்வந்தரின் விளையாட்டு என்று நாம் ஒதுங்கி நின்றது போதும்.

பத்திரங்கள் கைக்கு வந்தவர்கள் ஒரு விடுமுறையிற் குளொஸ்ரருக்கும் போய்வரலாம். அங்கே துறைமுக விளிம்பில் நின்று, இந்த நீரில்தான் வல்வை வேப்பமரம் வந்து மிதந்தது என்று பிள்ளைகளுக்குக் காட்டலாம். பத்திரம் வராதவர்கள் வீட்டிலிருந்தே அக்கதையைச் சொல்லலாம். கதைக்கு விசா தேவையில்லை.